சென்னைக்கு ‘மிக அருகில்’ ஒலக்கூர்: அதிவேக ரயில், சிப்காட் வந்தால் இங்கே யாருக்கு என்ன கிடைக்கும்?

“சென்னைக்கு மிக மிக அருகில்...” என்று டிவியில் ஒரு மனை விளம்பரம் ஆரம்பித்தால், அடுத்த காட்சியில் திண்டிவனம் வரும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஜோக். அந்த ஜோக் இப்போது அரசுத் திட்டமாக மாறிக்கொண்டிருக்கிறது.

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு இருந்தது. சென்னை – செங்கல்பட்டு – திண்டிவனம் – விழுப்புரம் இடையே 167 கி.மீ. தூரத்துக்கு, மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடும் மண்டல அதிவேக ரயில் கொண்டுவருவது பற்றி ஆய்வு செய்யப்படும் என்பதே அது. அதற்கு முந்தைய ஆண்டு, திண்டிவனம் சிப்காட்டில் ரூ.400 கோடி முதலீட்டுக்கு டாபர் நிறுவனம் அரசுடன் ஒப்பந்தம் போட்டது. வானூர் பக்கம் மினி டைடல் பார்க் திறந்தாயிற்று. பட்டியலாகப் பார்த்தால், விழுப்புரம் மாவட்டத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது போலத்தான் தெரிகிறது.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒலக்கூரில் நின்று பார்த்தால் என்ன தெரியும்?

ஒலக்கூர் எங்கே இருக்கிறது?

ஜி.எஸ்.டி. சாலையில் சென்னையில் இருந்து தெற்கே போகும் யாரும் இந்த ஊரின் பெயர்ப் பலகையைத் தாண்டாமல் போக முடியாது. பரனூர், ஆத்தூர் என இரண்டு சுங்கச்சாவடிகள் வரும் அதே வழிதான். செங்கல்பட்டு மாவட்டம் முடிந்து விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வரும் முதல் ஊராட்சி ஒன்றியம் ஒலக்கூர். மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் ஒன்று. ரயிலில் வந்தால் தொழுப்பேடு, கரசங்கால் தாண்டி ஒலக்கூர். அதற்கடுத்து பாஞ்சாலம், பிறகு திண்டிவனம்.

அதாவது தமிழ்நாட்டின் பரபரப்பான நெடுஞ்சாலை ஒன்றும், தென்மாவட்டங்களுக்குப் போகும் முக்கிய ரயில் பாதையும் இந்த வழியாகத்தான் போகின்றன. ஒரு நாளைக்கு எத்தனையோ எக்ஸ்பிரஸ் ரயில்கள் தடதடவென்று கடந்து போகும். நிற்பவை, விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய பாசஞ்சர், மெமு வண்டிகள்.

ஒலக்கூரின் கதையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாலையும் ரயிலும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றில் போகும் வளர்ச்சி இங்கே இறங்குவதில்லை.

மாவட்டத்தின் நிலை என்ன?

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்தது விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனியாகப் போனது. இரண்டும் ஒன்றாக இருந்தபோது எடுத்த 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் இன்றைக்கும் கையில் இருக்கும் முழுக் கணக்கு. அதன்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 48 சதவீதம் பேர் நகரங்களில் வசித்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் அது 15 சதவீதம்தான். எழுத்தறிவு மாநிலத்தில் 80 சதவீதம். இங்கே 72-ஐக்கூடத் தொடவில்லை. விழுப்புரம் நகரத்தின் மக்கள்தொகை அப்போது 96,253. திண்டிவனம் 72,796.

2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. இரட்டை இலக்கம், நியாயமாகவே கொண்டாடப்பட்ட எண். ஆனால் அது மாநிலம் முழுவதற்குமான சராசரி. ஸ்ரீபெரும்புதூரும் ஒலக்கூரும் அந்த ஒரே எண்ணுக்குள்தான் இருக்கின்றன.

அதிவேக ரயில்: வேகம் முக்கியமா, நிறுத்தம் முக்கியமா?

160 கி.மீ. வேகம், 167 கி.மீ. தூரம். மனக்கணக்காகப் போட்டால் விழுப்புரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் போலத் தோன்றும். வாட்ஸ்அப்பில் பரவிய கணக்கும் இதேதான். நடைமுறை வேறு.

இந்தியாவில் இந்த மாதிரி ரயில் முதலில் வந்தது டெல்லி – மீரட் பாதையில். 2019 மார்ச்சில் அடிக்கல், 2023 அக்டோபரில் முதல் 17 கி.மீ. திறப்பு. அங்கேயும் உச்ச வேகம் 160தான். ஆனால் நடுவே நிறுத்தங்கள் இருப்பதால் முழு 82 கி.மீ. தூரத்துக்கும் 55 நிமிடம் என்பதே திட்டம். சராசரியாக மணிக்கு 90 கி.மீ. இதே சராசரியை இங்கே பொருத்தினால், சென்னையில் இருந்து விழுப்புரம் போக ஒரு மணி 50 நிமிடம் ஆகும்.

இப்போது எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் விழுப்புரம். ஆக, விழுப்புரத்துக்காரருக்கு மிச்சமாவது அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். இதற்காகவா இவ்வளவு செலவு என்று கேட்கலாம். டெல்லி – மீரட் திட்டத்தின் மதிப்பீடு ரூ.30,274 கோடி. ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ ரூ.369 கோடி. அதே விலையில் 167 கி.மீ. என்றால் ரூ.61,000 கோடியைத் தாண்டும். அங்கே சுரங்கப்பாதை, பாலம் எல்லாம் அதிகம் என்பதால் இங்கே அவ்வளவு ஆகாமலும் போகலாம். இது வெறும் கைக்கணக்கு.

ஆனால் இந்த ரயிலின் உண்மையான பலன் வேகத்தில் இல்லை. ‘அடுத்த வண்டி எப்போ?’ என்ற கேள்விக்கான பதிலில் இருக்கிறது. டெல்லியில் 10, 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. டைம்டேபிள் பார்க்க வேண்டாம். போய் நின்றால் வரும். இன்றைக்கு மின்சார ரயில் அடிக்கடி ஓடுவது செங்கல்பட்டு வரைக்கும்தான். மேல்மருவத்தூர் வரை ஒருசில வண்டிகள். அதற்குத் தெற்கே, ஒரு மெமுவை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செங்கல்பட்டில் வாடகை ஏறுவதற்கும் ஒலக்கூரில் வீடு காலியாக இருப்பதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசங்களில் இதுவும் ஒன்று.

அடுத்த சிக்கல் நிறுத்தம். டெல்லி பாதையில் சராசரியாக 5 முதல் 10 கி.மீ.க்கு ஒரு நிலையம். அங்கே வழி நெடுகிலும் நகரம். இங்கே மதுராந்தகம் தாண்டினால் வயலும் ஏரியும். நிறுத்தத்தைக் கூட்டினால் வேகம் குறையும், செலவும் ஏறும். குறைத்தால் நடுவில் இருக்கும் ஊர்கள் மறுபடியும் ஜன்னல் வழியாகத் தெரியும் காட்சியாகவே இருக்கும். அறிவிப்பில் பெயர் வந்த ஊர்கள் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம். ஒலக்கூர்க்காரர் திண்டிவனம் போய்த்தான் வண்டி ஏற வேண்டும் என்றால், அவருக்கு 160 கி.மீ. வேகத்தை விட ஊரில் இருந்து திண்டிவனம் நிலையத்துக்கு டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதே முக்கியம்.

கிளாம்பாக்கம் ஏற்கெனவே இந்தப் பாடத்தை நடத்திவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த புதிய பேருந்து முனையம், 88 ஏக்கர், நல்ல வசதி. ஆனால் தெற்கில் இருந்து வரும் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுவதால், கோயம்பேடு வரை ஒரே பஸ்ஸில் போன திண்டிவனத்துக்காரர் இப்போது இறங்கி மாறுகிறார். முனையம் பெரிதாகியிருக்கிறது. ஆபீஸ் போய்ச் சேரும் நேரம் மட்டும் குறையவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதிய ரயில் பாதையும், திண்டிவனம் – நகரி பாதையும் 2006-07இல் ஒப்புதல் பெற்றவை. அப்போது ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத். இணையமைச்சர் அரக்கோணம் எம்.பி. ஆர்.வேலு. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் வளர்ந்து கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள். திருவண்ணாமலைக்கு இன்றும் இங்கிருந்து பஸ்தான். அதனால் ‘சாத்தியக்கூறு ஆய்வு’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட வேண்டாம்.

சிப்காட்: 400 கோடிக்கு எத்தனை வேலை?

திண்டிவனம் அருகே பெலாக்குப்பத்தில் இருக்கிறது சிப்காட் தொழிற்பூங்கா. இதில் ஒரு பகுதி உணவுப் பூங்கா. 2024 ஆகஸ்டில் டாபருடன் போட்ட ஒப்பந்தம் இந்தப் பூங்காவுக்குத்தான். தென்னிந்தியாவில் அந்த நிறுவனத்தின் முதல் ஆலை. ஐந்து ஆண்டுகளில் ரூ.400 கோடி முதலீடு, நேரடியாக 250 பேருக்கு வேலை என்பது அப்போதைய அறிவிப்பு.

வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு ரூ.1.6 கோடி. இதில் தப்பு ஒன்றும் இல்லை. தானியங்கி இயந்திரங்கள் நிறைந்த ஆலைகள் இப்படித்தான் இருக்கும். லாரி, கிடங்கு, கேன்டீன், செக்யூரிட்டி என்று மறைமுக வேலைகள் தனி. ஆனால் ‘400 கோடி’ என்ற தலைப்பைப் பார்த்து ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பக்கத்து மாவட்டத்தில் இதற்கு நேர் எதிரான உதாரணம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுக்கின்றன, பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் போய் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் அந்தப் பகுதியின் அடையாளமாகவே ஆகிவிட்டன. சம்பளம், வேலைப் பளு பற்றிய கேள்விகள் அங்கே இருக்கின்றன. ஆனாலும் முதல் தலைமுறையாகப் பெண்கள் மாதச் சம்பளம் வாங்கினால் ஒரு கிராமம் எப்படி மாறும் என்பதற்குச் செய்யாறு நல்ல சாட்சி.

ஆக, எந்த ஊருக்கு எந்த மாதிரி ஆலை என்பதுதான் கேள்வி. திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். வந்ததும் மறைமலைநகர், ஒரகடம், சென்னை என்று ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போகிறார்கள்.

ஐ.டி. பக்கம் பார்த்தால், 2024 பிப்ரவரி 17 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்த மினி டைடல் பார்க் இருக்கிறது. ரூ.31 கோடி, 63,000 சதுர அடி, 500 பேர் வரை உட்கார்ந்து வேலை பார்க்கலாம். செய்திகளில் ‘விழுப்புரம் மினி டைடல்’ என்று வந்தாலும், கட்டடம் இருப்பது வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில். விழுப்புரத்தைவிடப் புதுச்சேரிக்குத்தான் அது பக்கம். ஒலக்கூர்ப் பட்டதாரிக்கு அங்கே வேலை கிடைத்தால், புதுச்சேரியில் ரூம் எடுப்பதா, தினமும் திண்டிவனம் வழியாக பஸ் மாறிப் போய் வருவதா என்பதை யோசிக்க வேண்டியிருக்கும்.

உணவுப் பூங்கா விவசாயிக்கு உதவுமா?

ஒலக்கூர், மயிலம், மரக்காணம், திண்டிவனம் சுற்றுவட்டாரம் நெல், மணிலா, உளுந்து, தர்பூசணி விளையும் பூமி. வேர்க்கடலையை ‘மணிலா’ என்று சொல்வதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். நாடு முழுவதும் தெரிந்த நிலக்கடலை ரகங்களில் ‘டிஎம்வி’ என்று ஒரு வரிசை உண்டு. அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்கே இருக்கும் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியவை அவை. 1940இல் வெளியான டிஎம்வி 2 பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் பயிரானது. ஊரின் பெயர் விதையில் ஏறி நாடெல்லாம் போயிருக்கிறது. ஆனால் இங்கே விளைந்த மணிலா பெரும்பாலும் மூட்டையாகவே வண்டி ஏறுகிறது.

இந்த இடத்தில் உணவுப் பூங்கா என்றதும் எதிர்பார்ப்பு வருவது இயல்பு. டாபர் ஒப்பந்தத்தின்போது, டெல்டா விவசாயிகள் விளைபொருளை விற்க இது புதிய வாய்ப்பு தரும் என்று தொழில்துறை அமைச்சர் டி.ஆர்.பி.ராஜா குறிப்பிட்டார். நிறுவனம் சொன்ன தயாரிப்புப் பட்டியலில் இருந்தவையோ தேன், ரெட் டூத்பேஸ்ட், ஓடோனில் போன்றவை. இதில் தேனைத் தவிர மற்றதற்கும் ஒலக்கூர் மணிலாவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

இந்தப் பகுதிக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன என்பதை 2025 கோடை காட்டியது. தர்பூசணியில் நிறமியை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு சமூக வலைதளங்களில் பரவியது. அறுவடை உச்சத்தில் இருந்த நேரம் அது. வாங்க ஆள் இல்லை, விலை தரைதட்டியது, விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். தர்பூசணியைப் பறித்துவிட்டால் வைத்துக் காப்பாற்ற முடியாது. பழக்கூழ், சாறு எடுக்கும் ஆலை ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால், சந்தை படுத்த அந்த வாரங்களில் ஏதாவது ஒரு விலைக்காவது போயிருக்கும். குளிர்பதனக் கிடங்கு, மணிலாவை உடைத்து, தரம் பிரித்து, எண்ணெயாகவோ கடலை மிட்டாயாகவோ மாற்றும் சின்ன அலகுகள் ஆகியவற்றுக்கு 400 கோடி தேவையில்லை. ஆனால் ‘மெகா’ என்ற அடைமொழியோடு வரும் பூங்காவில் சின்ன அலகுகளுக்கு எவ்வளவு இடம், என்ன வாடகை என்பது பற்றிப் பேச்சே குறைவு.

நிலம் யாருக்கு லாபம்?

திட்டம் வருவதற்கு முன்னால் வந்துவிடுவது நிலத்தரகர். சென்னைப் பெருநகரப் பகுதி 2022 அக்டோபரில் 1,189 சதுர கி.மீ.யில் இருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிந்தது. அதில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டப் பகுதிகள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் இல்லை. அதாவது, சி.எம்.டி.ஏ. வரைபடத்தின்படி ஒலக்கூர் இன்னும் சென்னை ஆகிவிடவில்லை. விளம்பரத்தில் மட்டும்தான் ஆகியிருக்கிறது.

இப்போது விற்கும் விவசாயிக்குக் கையில் ஒரு தொகை. அதை வாங்கும் சென்னை சம்பளக்காரருக்கு இ.எம்.ஐ.யில் ஒரு மனை. இரண்டு பேருமே ரயில் வரும் என்ற நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அது வராமல் போனால் விவசாயிக்கு நிலமும் இல்லை. வாங்கியவருக்கு வேலி போட்ட முள்காடு. நிலமே இல்லாத கூலித் தொழிலாளியின் கணக்கு இன்னும் மோசம். வயல் மனையானால் நடவு, களை, அறுவடை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அவருக்கு இழப்பீடு என்று தனியாக எதுவும் கிடையாது.

வாங்க நினைப்பவர்கள் டி.டி.சி.பி. அங்கீகாரம், ரெரா பதிவு எண், பட்டா, வில்லங்கச் சான்று என்று வழக்கமாகப் பார்ப்பவற்றோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தண்ணீர் போகும் வழி. இது ஏரிப் பாசனப் பகுதி. ஓர் ஏரி நிரம்பினால் அடுத்ததற்குப் போகும் வாய்க்கால்கள் இருக்கும் நிலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பக்கத்து ஒன்றியமான மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதில் கிட்டத்தட்ட பாதி. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட, டிசம்பர் 2 அன்று தென்மாவட்ட ரயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு குளமானது.

சிப்காட், ரயில் பாதை, புதிய மனைப்பிரிவு எல்லாமே இதே நிலத்தில்தான் வரப் போகின்றன. பாதைக்காக மண் கொட்டி உயர்த்தும் கரை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கத்து வயலில் தண்ணீரைத் தேக்கும், கீழே போதுமான மதகு வைக்காவிட்டால்.

அப்போ, ஊர் என்ன கேட்கலாம்?

பெரிய திட்டங்களில் கிராமத்துக்குச் சொல்ல இடம் இருக்கும் காலம் ரொம்பக் குறைவு. அதிவேக ரயிலைப் பொறுத்தவரை, நிலையங்கள் எங்கே என்பது முடிவாகும் ஆய்வுக் கட்டம்தான் அது. கட்டுமானம் ஆரம்பித்த பிறகு நிறுத்தம் கேட்டு மறியல் செய்வது பல ஊர்களில் நடந்திருக்கிறது. பலன் கிடைத்தது குறைவு.

ஆய்வு எதற்கும் காத்திருக்கத் தேவையில்லாத விஷயங்களும் உண்டு. தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. செங்கல்பட்டு – விழுப்புரம் இரட்டைப் பாதையாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, மின்மயமும் ஆகிவிட்டது. காலையில் சென்னை பக்கம் போக ஒன்று, மாலையில் திரும்ப ஒன்று என்று மெமு கூடுதலாக விட்டால் ஒலக்கூர், பாஞ்சாலம், கரசங்கால் மூன்றுக்கும் நாளைக்கே பலன். ஒலக்கூர் கூட்டு ரோட்டில் இருந்து பெலாக்குப்பம் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் நேரத்தில் ஒரு பஸ். உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவது. இதில் எதற்கும் 61,000 கோடி வேண்டாம்.

இதை எங்கே கேட்பது? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே போடும் தீர்மானம் மெட்ரோ நிறுவனத்தையோ ரயில்வேயையோ கட்டுப்படுத்தாது. ஆனால் மனு கொடுக்கும்போது, எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் பேசும்போது, வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் காட்டும்போது, ஊர் எப்போது என்ன கேட்டது என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே எழுத்துபூர்வமான ஆதாரம் அதுதான். சென்னையில் வேலை பார்க்கும் ஒலக்கூர்ப் பிள்ளைகளுக்கும் அதில் கையெழுத்துப் போட உரிமை உண்டு, ஓட்டு இன்னும் ஊரில் இருந்தால்.